வேனுக்குள் பத்திரமாக ஒரு மஞ்சள் பை

“நீங்கள் அழைக்கும் எண் தற்போது ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது...”

இவ்வளவு நிதானமாகப் பேசும் அந்தப் பெண்மணி மீது அன்று வந்ததுபோல எனக்குக் கோபம் என்றுமே வந்ததில்லை!

போன வியாழக்கிழமை மதியம். செஞ்சியில் வீட்டு வாசலில் நிற்கிறேன். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வானம் மையாகக் கறுத்துவிட்டது. சிங்கவரம் பக்கமிருந்து இடி உறுமுகிறது. அங்கேதான் எங்கள் நிலம். என் மனைவி மல்லிகா வேர்க்கடலை பிடுங்கும் ஆட்களோடு காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

அந்தப் பொட்டலில் ஒதுங்க இருப்பது ஒரே ஒரு புளியமரம். இடி விழ இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

மறுபடி அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஆட்களை ஏற்றிப்போன வேன் டிரைவர் குமார்... ஸ்விட்ச் ஆஃப். ஆட்களைக் கூட்டி வரும் அஞ்சலை... அதுவும் ஸ்விட்ச் ஆஃப்! ஒருவர் போன் அணைந்தால் சார்ஜ் இல்லை எனலாம். மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்தால்?

காரை எடுத்தேன்.

வழியெல்லாம் மழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. எதற்கும் பதறாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று நான் காரை விரட்டிய வேகத்தைப் பார்த்திருந்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பயந்தபடியேதான் இருந்தது. புளியமரத்தடியில், ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும்! கொஞ்சம் தள்ளி, சாலையோரம் வேன் நிற்கிறது. சுற்றிலும் இரும்பு, மேலே இரும்புக் கூரை, கண்ணாடியெல்லாம் ஏற்றி... இடியே விழுந்தாலும் மின்சாரம் அந்த இரும்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும், உள்ளே இருப்பவர்களைத் தொடாது. ஆனால் உள்ளே ஒருவரும் இல்லை.

ஹாரனை அழுத்தினேன். கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். “மரத்த வுட்டு வாங்க! எல்லாரும் வேன்ல ஏறுங்க!”

யாரும் அசையவில்லை.

“ஐயோ, வேனாண்ட போவாதீங்க!” என்று மல்லிகா அலறினாள். “உள்ள போன் இருக்குது!”

“இன்னாது?”

“எல்லார் போனையும் ஆஃப் பண்ணி, மஞ்சப்பையில போட்டு, வண்டிக்குள்ள வச்சி பூட்டிட்டேன் சார்” என்றான் குமார். “போனு மின்னல இழுக்குமாமே!”

“வாட்ஸ்அப்லயே வந்துச்சி சாரு” என்றாள் அஞ்சலை.

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

“போன் இழுக்காது, மரத்துலதான் வுழும்! மல்லிகா... ஏறுடி!”

நாலு பேர் முன்னால் அவளை ஒருநாளும் ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை. அதில்தான் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். வேனைப் பார்த்து ஓடினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். குமாருக்குச் சாவி பூட்டில் நுழையவில்லை. ஒருவழியாகக் கதவு திறந்தது. கடைசியாக அஞ்சலை ஏறினாள். கதவு மூடியது.

சற்று நேரம்தான்... கண் கூசும் வெளிச்சம். காரே அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால், புளியமரத்தின் பட்டை உச்சியிலிருந்து அடிவரை உரிந்து கிடக்கிறது. அடியில் அந்தத் தார்ப்பாய்.

நான் காரில். அவள் வேனில். நடுவே கொட்டும் மழை. இறங்கி ஓடவும் முடியாது.

அப்போது என் போன் அடித்தது. மஞ்சள் பையிலிருந்து போனை எடுத்து ஆன் செய்திருக்கிறாள் மல்லிகா.

“ஏங்க... இருக்கீங்களா?”

“இருக்கேன்மா” என்றேன். நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இடி ஓயும்வரை இருவரும் லைனிலேயே இருந்தோம்.

கையிலிருக்கும் செல்போன் மின்னலைக் கூப்பிடாது. வீட்டில் சார்ஜரில் சொருகியபடி பேசுவதுதான் இடி நேரத்தில் வேண்டாத வேலை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போனைப் பார்த்துப் பயப்படுகிறோம், மரத்தைத் தேடி ஓடுகிறோம்!

மரத்தடியில் எதையாவது விட்டே தீரவேண்டும் என்றால், போனை விட்டுவிட்டு நீங்கள் வண்டியில் ஏறுங்கள்!