இறக்கையில் ஏறிய பனி

என் கணவருக்கு விமானம் ஓட்டும் பைத்தியம் நாற்பது வயதுக்குப் பிறகு பிடித்தது. மற்ற ஆண்கள் அந்த வயதில் கிரிக்கெட்டோடும் வீட்டுக்குப் பின்னால் இறைச்சி சுடுவதோடும் அடங்கிவிடுகிறார்கள். இவருக்கு வானம் வேண்டியிருந்தது. நகருக்கு வடக்கே ஒரு சின்ன விமானத்தளத்தில் ஒற்றை எஞ்சின் விமானத்தை வாடகைக்கு எடுப்பார். நாலு பேர் இருக்கலாம் என்பார்கள். எங்கள் பழைய கார் அதைவிட அகலம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒட்டாவாவில் அவருடைய நண்பர் புது வீட்டுக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் இருவருக்கும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சோதனை. அதனால் அவர்களை டோர்செட் பார்க்கில் மாமாவின், அதாவது என் கணவருடைய தகப்பனின், அப்பார்ட்மென்டில் விட்டோம். விமானத்தின் பின் சீட்டில் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பலகாரப் பெட்டிகள் ஏறின.

மதியத்துக்குள் உறைமழை வரலாம், ஒன்பது மணிக்கே வானில் எழும்பிவிட்டால் அதற்கு முன்னால் தாண்டிவிடலாம் என்று கணவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் பிள்ளைகளை விடப் போன இடத்தில் மாமா கலண்டரைப் பார்த்துவிட்டார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். நாங்கள்தான் வீட்டிலிருந்து எட்டு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டோமே என்றேன். விமானப் பயணத்துக்கு அது செல்லாதாம்; நிலத்தை விட்டு எழும்பும் நேரம்தான் கணக்காம். இந்தச் சாத்திரத்தை அவர் அங்கேயே, தேநீர் ஆற்றியபடி உண்டாக்கினார். என் கணவருக்கு ராகுவிலும் நம்பிக்கையில்லை, கேதுவிலும் நம்பிக்கையில்லை. தகப்பன் சொல்லைத் தட்டும் பழக்கமும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம்தானே என்று இன்னொரு தேநீர் குடித்தார்.

பத்தரை தாண்டித்தான் எழும்பினோம். முகில் நான் நினைத்ததைவிடத் தாழப் பதிந்து கிடந்தது. அதற்குக் கீழே கிழக்கே போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடியில் தூறல் விழுந்தது. நான் மழை என்று சும்மா இருந்தேன். துளிகள் வழியவில்லை. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. கணவர் இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பார்த்தார். அதன் முன்பக்கம் வெள்ளையாகியிருந்தது. உடனே விமானத்தைத் திருப்பினார்.

பிறகு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்தக் குளிரிலும் துளி நீராகவேதான் விழுகிறது. விமானத்தில் பட்டவுடன் கட்டியாகிவிடுகிறது. பெரிய விமானங்களில் இறக்கைப் பனியைப் போக்க வழியுண்டு. எங்களுடையதில் இல்லை. பாரம் கூடுவதுகூடப் பெரிய காரியமில்லையாம். இறக்கையின் வடிவம் கெட்டுப்போகிறது, கெட்ட இறக்கை பறக்காது.

எஞ்சின் முழு வேகத்தில் கத்தியது. அப்படியிருந்தும் வேகம் காட்டும் முள் பின்னுக்கு வந்துகொண்டே இருந்தது. மூக்கிலிருந்த சுழலியிலும் பனி பிடித்து விமானம் அதிர, பின் சீட்டில் இடமில்லாமல் என் மடியில் வைத்திருந்த தும்புமுட்டாசு இனிப்புப் பெட்டி குலுங்கியது. முன் கண்ணாடி முழுவதும் மூடிவிட்டது. சூட்டுக்காற்று பட்ட இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெளி தெரிந்தது. கீழே மரங்கள் கிட்ட வந்தன.

"போய்ச் சேருவமோ?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. இனி ஒண்டும் கதையாதையும்."

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதர் அவர். அவர் வாயிலிருந்து தெரியேல்லை என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாவுக்கு நான் பயப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, தாயும் தகப்பனும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறோமே என்ற நினைப்புத்தான் என்னைக் கொன்றது. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? மாமாவுக்குத் தன் மருந்தையே ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். உயில் எழுதுவோம் என்று நான் சொன்னபோதெல்லாம் வீட்டில் அபசகுனம் என்று என் வாயை மூடினார்கள். எல்லோர்மேலும் ஆத்திரம் வந்தது. முருகா, இரண்டு பேரில் ஒருவரையாவது பிள்ளைகளுக்கு விட்டுவிடு என்று கெஞ்சினேன். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்றும் மனம் சொன்னது. பக்கத்தில் அவர் வியர்த்துக்கொண்டு இருந்தார்.

ஓடுபாதையைப் பக்கக் கண்ணாடியால்தான் கண்டார். வேகத்தைக் குறைத்தால் விழுந்துவிடும் என்பதால் வழக்கத்துக்கு மாறாகக் கடும் வேகத்தில் இறக்கினார். நிலத்தில் அடித்து, சறுக்கி, கடைசியில் இருந்த பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றோம். இறங்கி இறக்கையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். விரல் தடிப்பில், சொரசொரவென்று கல்லாகிக் கிடந்தது. அவர் உள்ளேயே இருந்தார், பிடித்த பிடியை விடவில்லை.

மாமாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தியே பிள்ளை, நல்ல நேரத்தில எழும்பினபடியாத்தான் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

 போனில் அவருக்குப் பின்னால் சின்னவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கார் நிறுத்துமிடத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு நானும் அவரும் ஒரே விமானத்தில் ஏறியதில்லை, அது எவ்வளவு பெரிய விமானமாக இருந்தாலும். போன கோடையில் யாழ்ப்பாணம் போனபோதும் இரண்டிரண்டு பயணச்சீட்டாக இரண்டு நாளுக்கு எடுத்தோம். அவர் சின்னவளோடு முதல் நாள் போனார், நான் மூத்தவளோடு அடுத்த நாள். ஒரே விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். விமான நிலைய வரிசையில் மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா, ஐ நோ வை. ஆனா அப்பாட பிளேன் விழுந்தா தங்கச்சியும் செத்துப்போவாளே, அதை யோசிச்சனீங்களா?"

நான் யோசித்திருக்கவில்லை.