செல்லமுத்து சலூனின் ஸ்பைடர் செடிகள்

செல்லமுத்து குட்டிச் செடி ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பார்க்கிறார். அது தயிர் டப்பாவின் மண்ணை விட்டு வரவில்லை. “புடிச்சுக்கிச்சுங்க” என்று சொல்லி, தாய்ச் செடியோடு அதைச் சேர்த்திருந்த தண்டைக் கத்தரிக்கிறார். அடுத்த டப்பாவில் இருந்தது கையோடு வந்துவிடுகிறது. அதைத் திரும்ப மண்ணில் அமர்த்தி, ஒரு கொண்டை ஊசியைக் குத்தி நிறுத்துகிறார். முகத்தில் நுரையோடு நாற்காலியில் காத்திருப்பவர் இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செம்மேட்டில் இந்த சலூனுக்கு வருகிறவர்கள் இதற்குப் பழகியவர்கள்.

பத்தடிக்கு எட்டடி அறை. சுவர்க் கண்ணாடிக்கு எதிரே வரிசையாகத் தொங்கும் பெயிண்ட் டப்பாக்களிலிருந்து, நடுவில் வெள்ளைக் கோடு ஓடிய பச்சை இலைகள் வழிகின்றன. அவற்றினிடையே நீண்ட தண்டுகள் இறங்கி, நுனியில் குட்டிகளைச் சுமந்து ஆடுகின்றன. உயரமானவர் யாராவது எழுந்தால் தலையில் இடிக்கும்.

இந்த மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான குண்டூர் நாட்டுக்காரர் செல்லமுத்து. வயது ஐம்பத்தெட்டு. ஒன்பது வருடங்களுக்கு முன், வாசலூர்பட்டியில் ஒரு விடுதிக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் வெளியே எறிந்திருந்த செடியை எடுத்து வந்தார். சவரம் செய்துகொள்ள வந்த பெங்களூர்க்காரர் ஒருவர்தான் ஸ்பைடர் என்று அதன் பெயரைச் சொன்னார். “சிலந்திச் செடின்னா ஊட்டுக்குள்ள வெக்க மாட்டேங்கறாங்க. அதனால ஸ்பைடர்னே சொல்லிக் குடுத்தர்றதுங்க” என்றார் செல்லமுத்து என்னிடம்.

வேலை பார்க்க இந்த மலைக்கு வந்த நாள் முதல், மூன்று வருடமாக நான் இவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். இவருக்குச் செடியின் மேல் பாசம் என்று முதலில் நினைத்தேன். பாசத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். ஒரே நாளில் வைத்த மூன்று குட்டிகளில் ஒன்றை வாசலிலும் ஒன்றைக் கண்ணாடிக்கு எதிரிலும் ஒன்றை மூலையிலும் தொங்கவிட்டு, நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைத்தார். வாசலில் இருந்தது வெயிலில் வெளுத்தது. மூலையில் இருந்தது நோஞ்சானாக நீண்டது. கண்ணாடி திருப்பித் தந்த வெளிச்சத்தில் இருந்ததுதான் தழைத்தது. தொட்டி அடர்ந்து தெரிய ஒரே டப்பாவில் ஆறு குட்டிகளை நடலாம் என்பதும், குழாய்த் தண்ணீரில் நுனி கருகி, தகரக் கூரையில் பிடித்த மழைநீரில் கருகாமல் இருக்கும் என்பதும் அந்தத் தாள்களில் உண்டு.

பக்கத்து டீக்கடைக்காரர் கருப்பண்ணனுக்குக் கொடுத்த செடி மட்டும் நன்றாகத் தழைத்தும் குட்டியே விடவில்லை. கடையில் விடிய விடிய டியூப்லைட் எரிந்தது. அதை அணைக்கச் சொல்லி இரண்டு மாதம் காத்திருந்தார் செல்லமுத்து. தண்டு நீண்டது. “அதுக்கு இருட்டும் வேணுமாட்ட இருக்குங்க” என்று என்னிடம் சொன்னபோது கத்தரியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

இன்று சலூனில் தொங்கும் செடிகள் எதற்கும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சேலத்தில் கண்புரை அறுவை செய்துகொண்டு, ஐந்து வாரம் மகள் வீட்டில் இருந்தார். சாவி கருப்பண்ணனிடம் இருந்தது. அவர் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். வெளிச்சமில்லாத அறை, வெளியே விடாத மழை. செல்லமுத்து திரும்பி வந்து ஒரு செடியைத் தூக்கினார்; இலைக்கொத்து மட்டும் கையில் வந்தது. தண்ணீர்விட்டான் கிழங்கு போல வெள்ளையாகத் திரண்டிருக்க வேண்டிய வேர்கள் கூழாகிக் கிடந்தன. பதினான்கு தொட்டிகளும் அப்படியே; டீக்கடையில் இருந்த செடியும் அப்படியே. கருப்பண்ணன் இரண்டு நாள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் செல்லமுத்துவே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். “அளவு சொல்லாமப் போனது என் தப்புதான். டீயப் போடு” என்றார்.

பிறகு, குட்டி வாங்கிப் போனவர்களைத் தேடிப் புறப்பட்டார். ஒரு வீட்டில் ஆடு தின்றிருந்தது. ஒரு வீட்டில் டிவிக்குப் பின்னால் காய்ந்திருந்தது. திருப்புலி நாட்டில் ஒருவர் மிளகுக்கொடிக்கு அடியில் நட்டு, களையோடு பிடுங்கி எறிந்திருந்தார். கடைசியில் கருப்பண்ணன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஒரு செடி இளங்கோ கடையில் இருக்கிறது.

இளங்கோ நாமக்கல்லிலிருந்து வந்து, பஸ் நிலையத்தருகே ஏசி சலூன் திறந்தவர். இரண்டு வருடத்தில் செல்லமுத்துவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். பஸ் ஏறவேண்டுமென்றால்கூட செல்லமுத்து அந்தக் கடையின் முன்னால் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போவார். அன்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். இளங்கோவே வந்து கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்கண்ணா.”

சன்னலோரம், வெயிலுக்கு மறைப்பாகக் கட்டிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் அது தொங்கியது. இருபது தண்டுகளாவது இருக்கும், தரையைத் தொடும் அளவுக்கு. ஒன்றையும் யாரும் வெட்டவில்லை.

“உங்க செடின்னு சொல்லித்தான் ஒருத்தர் குடுத்தாருங்க. குட்டியை வெட்டலாமா கூடாதான்னு உங்ககிட்டக் கேக்கோணும்னு நெனப்பேன். எப்படி வந்து கேக்கறது?” என்றார் இளங்கோ.

செல்லமுத்து ஒவ்வொரு தண்டாகத் தூக்கிப் பார்த்தார். இரவில் விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள், எந்தத் தண்ணீர் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். எட்டு மணிக்கு அணைப்பதாகவும், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுவதாகவும் இளங்கோ சொன்னார். அந்தத் தண்ணீர் செல்லமுத்துவுக்குப் புதுச் செய்தி. “ஏசித் தண்ணியா” என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். குட்டியை மண்ணில் ஊன்றி, வேர் பிடித்த பிறகு வெட்டும் விதத்தை ஒரு டம்ளரில் மண் வாங்கிச் செய்து காட்டினார். செடி முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இளங்கோ. செல்லமுத்து, வேர் அரும்பிய ஆறு குட்டிகளை மட்டும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

கிளம்பிவிடுவார் என்று நினைத்து நான் கதவைத் திறந்தேன். ஐந்து வாரத்துக்கு மேல் வெட்டாத முடி அவர் காதை மூடியிருந்தது. செல்லமுத்து, அறுவைக்குப் பின் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, இளங்கோவுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார்.