நைனாவின் கறுத்த மோதிரம்

ஐந்தாவது தாண்டாத நான் இன்று ஆம்பூரில் சொந்தமாக ஷூ கம்பெனி நடத்துகிறேன். எழுத்துப் பொறித்த வெள்ளி மோதிரம் வாங்க நகைக்கடைக்குப் போனேன்.

"வெள்ளி கறுத்துடும் சார், பிளாட்டினம் எடுங்க" என்றார் கடைக்காரர்.

எங்கள் நைனாவின் விரல் கண்முன் வந்தது. தோல் பதனிடும் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை அவருக்கு. 'மு' பொறித்த வெள்ளி மோதிரத்தை அங்கேயும் கழற்ற மாட்டார். குழி மருந்து பட்டு அது கரியாகிவிடும்.

அக்காவைப் பெண் பார்க்கப் பள்ளிகொண்டாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்த மோதிரத்தையே பார்த்தார். "இன்னா முனுசாமி, இரும்பு மோதிரமா? உங்களுக்குச் சனி நடக்குதா?" என்றவர் காபியைத் தொடவில்லை. சம்பந்தம் கைநழுவுகிறதென்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

நைனா பதறவில்லை. சாமி படத்தடியிலிருந்து விபூதி எடுத்து, அவர் எதிரிலேயே மோதிரத்தைத் தேய்த்தார். 'மு' பளிச்சென்று எழுந்தது.

"வெள்ளிங்க. தோல்ஷாப் மருந்துல கறுக்குது. நான் வேலைக்கு மட்டம் போட்டா வெள்ளையா இருக்கும்."

மாப்பிள்ளையின் அப்பா காபியை எடுத்துக் குடித்தார். "அப்போ மட்டமே போடாத ஆளு. தேதி குறிச்சுடலாம் சம்பந்தி."

கடைக்காரரிடம் சொன்னேன்: "வெள்ளியே போடுப்பா. எழுத்து 'மு'. எங்க நைனா பேரு, என் இனிஷியல்."