பத்தரைப் பாயிண்ட் சுகதன்

சுகதனை ஆபீசில் எல்லாரும் கெட்டிக்காரர் என்பார்கள். பதினோரு வருஷம் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தவன் நான். எனக்கு அந்தச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை.

திருவனந்தபுரம் ஜகதியில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு லாடெக் மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கிறோம். ஒரு சமன்பாடு நீண்டு ஓரத்தைத் தாண்டினால், அச்சு அளவில் எத்தனை பாயிண்ட் தாண்டியது என்று மென்பொருளே லாக் என்ற கோப்பில் எழுதிவிடும். மூளை உள்ளவன் அதைப் படித்துவிட்டுச் சமன்பாட்டைப் பார்ப்பான், எங்கே மடக்கி இரண்டு வரியாக்கலாம் என்று யோசிப்பான். சுகதன் சமன்பாட்டைப் பார்க்கவே மாட்டார். ஆறு பாயிண்ட் அதிகமா? ஏதாவது ஓர் இடைவெளியில் மைனஸ் ஆறு என்று போட்டு இழுத்துவிடுவார். லாக் சுத்தமாகிவிடும். படம் அடுத்த பக்கத்துக்கு ஓடினால் அதற்கும் மைனஸ், தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நின்றால் அதற்கும் மைனஸ். நாங்கள் மணிக்கு எட்டுப் பக்கம் முடித்தால் அவர் பதினாலு முடிப்பார். சுவரில் ஒட்டும் மாதப் பட்டியலில் எப்போதும் அவர்தான் முதல்.

நெடுமங்காட்டுக்காரர். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவர், அதைச் சொல்லாமல் ஒரு கட்டன் சாயா குடித்ததில்லை. வயது தாண்டும்வரை அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிவிட்டு இங்கே வந்து விழுந்தார். ஹர்த்தால் அன்றைக்கும் சந்து சந்தாக ஸ்கூட்டர் ஓட்டி வந்து, வந்ததை ஊருக்கெல்லாம் சொல்லுவார். வீட்டில் ஃபிரிட்ஜ் நுழையவில்லை என்று நிலைப்படியைச் செதுக்கியவர். அந்தக் கதவு இன்றுவரை சாத்தாது, மழைக்காலத்தில் சமையலறையில் தவளை இருக்கும். அதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

போன மழைக்காலத்தில் போலந்துப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரை வந்தது. ஒரே நீளச் சமன்பாடு நான்கு இடங்களில் வருகிறது. நான்கும் பத்தரைப் பாயிண்ட் வெளியே நின்றன. சமக் குறியை ஒட்டி ஓர் இடைவெளி சுகதன் கண்ணில் பட்டது. மைனஸ் பத்தரை போட்டார், அதையே நான்கு இடத்திலும் ஒட்டினார். சமக் குறிக்கு அடுத்து இருந்ததோ ஒரு கழித்தல் குறி. அது பின்னால் நகர்ந்து, சமக் குறியின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது மூன்று கோடு. கணிதத்தில் அது வேறு குறி. இது அதற்கு எதிர்மறை என்று மனுஷன் எழுதியிருந்தது, இதுவும் அதுவும் ஒன்றேதான் என்று ஆகிவிட்டது.

பக்கங்களைச் சரிபார்ப்பவள் லதிகா. ஒப்பந்த வேலை, அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது, நீட்டித்தால்தான் உண்டு. புருஷன் கல்ஃபில் வேலை போய்த் திரும்பி வந்துவிட்டதால் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவள் அந்த நான்கு இடத்திலும் பென்சிலால் வட்டம் போட்டுத் தாளைக் கொண்டுவந்தாள்.

"சேட்டா, ஆதர் அனுப்புனதுல ரெண்டு கோடும் ஒரு மைனசும் இருக்கு. இங்க மூணு கோடா நிக்குதே?"

"அது ஐடென்டிட்டி சிம்பல் மோளே. நான் எம்.எஸ்ஸி. மேத்ஸ்."

"இருந்தாலும் ஒரு தடவ ஃபைல பாத்திருங்களேன்."

"லாக்க பாத்தியா? ஒத்த வரி இல்ல. லாக்ல இல்லாத தப்பு உலகத்துலயே இல்ல."

சொல்லிக்கொண்டே ரப்பரை எடுத்து நான்கு வட்டங்களையும் அழித்துத் தாளை நீட்டினார். ஒப்பந்தக்காரி சீனியரோடு எவ்வளவு மல்லுக்கட்டுவாள்? கையெழுத்துப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் என்னைப் பற்றியும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பேராசிரியரின் கடிதம் வந்தது. என் கழித்தல் குறிகளைத் தின்றது யார் என்று கேட்டிருந்தார். மேனேஜர் கோசி சார், அடுத்த மேசைக்காரன் என்று என்னையும் சேர்த்து, எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முன்னால் பிழைப் படிவம் இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான் எழுத வேண்டும். பெயர் ஏறியவர் ஒப்பந்த ஆள் என்றால் நீட்டிப்புக் கிடையாது. நிரந்தர ஆளுக்கு ஒரு மெமோ, அத்தோடு சரி.

"யாரு பேர எழுதட்டும்?" என்றார் கோசி சார்.

"செக்கர் கையெழுத்து இருக்கே சாரே," என்றார் சுகதன். "நான் செட் பண்றவன். பாக்கறது அவங்க வேலைதானே?"

ஒரு மெமோவுக்காக ஒருத்தியின் அடுப்பையே அணைக்கத் துணிந்துவிட்டார்.

லதிகா கோசி சாரின் கம்ப்யூட்டரிலேயே கோப்பைத் திறந்து அந்த மைனஸ் பத்தரையை அழித்து மென்பொருளை மறுபடி ஓட்டினாள். சமக் குறிக்குள்ளிருந்து கழித்தல் குறி வெளியே வந்து நின்றது.

சுகதன் திரையை எட்டிப் பார்த்துப் பதறினார். "ஐயோ சாரே, லாக்க பாருங்க! பத்தரைப் பாயிண்ட் வெளிய போயிருச்சு!"

அப்போதும் லாக்! லதிகா நடுவிலிருந்த ஒரு கூட்டல் குறிக்கு முன்னால் சமன்பாட்டை மடக்கி இரண்டு வரியாக்கினாள். லாக்கும் சுத்தமானது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சாரே," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவ அன்னிக்கே நாலு எடத்துலயும் வட்டம் போட்டா. இவருதான் ரப்பர் வச்சு அழிச்சாரு. நான் பாத்தேன்."

கோசி சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத சொல்ல ஒனக்கு இவ்ளோ நாளாச்சா?"

பிறகு படிவத்தைச் சுகதன் பக்கம் தள்ளினார். சுகதன் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். படிவத்தின் கட்டம் சின்னதுதான்.

"முழுப் பேர் எழுத எடம் பத்தாது சாரே. வேற ஃபாரம் இருந்தா..."

"நெருக்கிப் போடுங்க சேட்டா," என்றாள் லதிகா.