ஐந்து இதழ் வாசல்

எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம் இருக்கும்போது உலகம் இரண்டு இரண்டாகத் தெரியத் தொடங்கியது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோலசிலாங்கூருக்கு வடக்கே, செம்பனைகளுக்கு நடுவில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், நானும் கணவரும் குடியிருந்தோம். அவர் செம்பனைப் பழக்குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். நான் விடியுமுன் ஃபேக்டரி பஸ் பிடித்துக் கிள்ளான் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்குப் போவேன்.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சின்னஞ்சிறு தகட்டில் ஒட்டவைப்பது என் வேலை. காலையில் எல்லாம் சரியாகவே இருக்கும். மதியம் தாண்டினால் ஒரு கம்பி இரண்டு கம்பியாகும். மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகி மிதக்கும். எது நிஜம், எது அதன் சாயல் என்று தெரியாமல் ஊசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பிறகு இமைகள் இறங்கும். தூக்கம் அல்ல அது. மனசு முழுக்க விழித்திருக்க, கண் மட்டும் யாரோ கதவைச் சாத்துவதுபோல மூடிக்கொள்ளும்.

சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அக்கா. நல்லவர்தான். தோளில் தட்டி, “ஙாந்தோக் கா?” என்று கேட்பார், தூக்கமா என்று. பக்கத்து மேசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, “புதுசா கல்யாணம் ஆனவ, தூக்கம் வராம என்ன செய்யும்?” என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் என்னை மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் காராங் பக்கம் கூட்டிப்போனார். வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் மேலேயும் கீழேயும் கிடந்தது. எனக்கு அது நான்காகத் தெரிந்தது. இரண்டு வாய்க்கால்கள், இரண்டு சூரியன்கள், கொக்குகள் எல்லாம் ஜோடி ஜோடியாக. பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் அது அழகாக இருந்தது, சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் போல.

வாய்க்கால் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டார். “உனக்கு என்னைப் புடிக்கலையா?”

“ஏன் அப்படிக் கேக்குறீங்க?”

“நான் எது சொன்னாலும் நீ மொறைக்கிற. முன்னெல்லாம் சிரிப்ப.”

“இப்பகூட சிரிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். மேலுதடு மட்டும் தூக்கிக்கொண்டது. வாயோரங்கள் அசையவில்லை. கண்ணாடியில் இருந்தவள் யாரையோ கடிக்கப் போகிறவள்போல நின்றாள்.

அந்த வாரத்திலேயே தண்ணீர் குடிக்கும்போது அது மூக்கு வழியாக வந்தது. பேசப் பேசக் குரலும் தேய்ந்தது. அவர், “இனி யோசிக்கக் கூடாது, நாளைக்கே போவோம்லா” என்றார். தோட்டத்து கிளினிக்கில் பார்த்துவிட்டுக் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அங்கே என்னைப் பார்த்தவர் தமிழ் டாக்டரம்மா, என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பார். மேலே பார்க்கச் சொல்லி, இமை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தார். பிறகு, “ஒரு ஊசி போடுறேன். பயப்படாதீங்க, கண்ணை மட்டும் திறந்து வைக்கப் பாருங்க” என்றார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இமைகள் தாமாகவே எழுந்தன. மிதந்துகொண்டிருந்த இரண்டு ஜன்னல்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே ஜன்னலாயின. கட்டிலின் கால்மாட்டில் என் கணவர் ஒருவராக நின்றார். அவர் தாடையில் சவரம் செய்தபோது பட்ட கீறல் கூடத் தெரிந்தது. இத்தனை மாதமாக நான் இவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. சிரித்தேன். வாயோரங்கள் மேலேறுவதை என் கன்னம் உணர்ந்தது. அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நாலைந்து நிமிடந்தான். பிறகு பழையபடி திரை இறங்கியது.

“இதான் டெஸ்ட். இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார் டாக்டரம்மா. ஒரு ஃபாரத்தைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தார். நரம்பு முடியும் இடம், எதிரே தசை, நடுவில் ஒரு சிறு இடைவெளி.

“நரம்பு இங்க ஒரு ரசாயனத்தைக் கொட்டும். தசை மேல அதுக்குன்னே வாசல் இருக்கு. ஒவ்வொரு வாசலும் அஞ்சு துண்டு புரதம், வட்டமா நிக்குது. அதுல ரெண்டு ஒரே மாதிரி. அந்த ரெண்டுலயும் ரசாயனம் வந்து உக்காந்தாத்தான் அஞ்சும் சேர்ந்து அசைஞ்சு நடுவுல ஓட்டை திறக்கும். உப்பு உள்ள பாயும். உடனே தசை இழுக்கும்.”

என் கணவர் குனிந்து பார்த்தார். “நட்சத்திரப்பழத்தைக் குறுக்கால வெட்டினாப்ல இருக்கு டாக்டர். எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?”

“ஒரு செகண்டை ஆயிரமா பிரிச்சா, அதுல சில துண்டு. அவ்வளவுதான்.”

“இத்தனை சின்னதை யாரு பாத்தது?” என்று நான் கேட்டேன்.

“மின்சாரத் திருக்கைன்னு ஒரு மீன் இருக்கு. அது உடம்புல இந்த வாசல் கொத்துக் கொத்தா கிடக்கும். அதுலேருந்து எடுத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்திருக்காங்க.”

“சுங்கை செம்பிலாங் கடலோரத்துல சின்ன வயசுல அதை மிதிச்சிருக்கேன். முழங்கால் வரைக்கும் மரத்துப்போச்சு” என்றார் என் கணவர். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“என் உடம்புல அந்த வாசலுக்கு என்ன ஆச்சு?”

“உங்க உடம்பைக் காக்க வேண்டியவங்களே அதை எதிரின்னு நெனச்சு அடைக்கிறாங்க, உடைக்கிறாங்க. மிச்சம் இருக்கிற வாசல் பத்தல. ரசாயனத்தை உடம்பு உடனே துடைச்சு எடுத்துடும். இந்த ஊசி அதைத் துடைக்க விடாம கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுது. அதனால இருக்கிற வாசலே திரும்பத் திரும்பத் திறந்துச்சு.”

“ஏன் என்னை எதிரின்னு நெனச்சுது?”

“அது தெரியல” என்றார். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

வார்டில் படுத்திருந்த நாட்களில் பிற்பகல் முழுவதும் கண் மூடியபடி கிடப்பேன். மழை பெய்யும். இமைக்குள் அந்த ஐந்து இதழ்களும் தெரியும், மூடியபடி, ஓசையில்லாமல். நான் ஒரு விரலை அசைத்தால் எத்தனை ஆயிரம் திறந்து மூடும் என்று நினைத்துக்கொண்டே விரலை அசைப்பேன். இருபத்திரண்டு வருடம் என் சம்மதம் கேட்காமல் எனக்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்தவை. அவற்றின் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு, உடம்பைக் காப்பவர்கள் பழகும் இடம் என்று டாக்டரம்மா சொன்ன, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த ஒரு சுரப்பியை ஆபரேஷனில் எடுத்தார்கள். உடனே குணமாகவில்லை. ஆனால் மாதங்கள் போகப் போக, கம்பிகள் ஒவ்வொன்றாகவே நின்றன. ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பைவிட்டு பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அவர் மட்டும் வெகுநாள் வரைக்கும், ஏதாவது சொல்லிவிட்டு என் வாயோரத்தை ஒரு கணம் பார்த்துக்கொள்வார்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். பிறந்த மறுநாளே அவள் பால் குடிக்கத் திணறினாள். கையும் காலும் துவண்டு கிடந்தன. அழுதாள் என்றால், வாய் திறக்கும், கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வாசலை அடைக்கிற அது என் ரத்தத்திலிருந்து அவளுக்குள்ளும் போயிருக்கிறது, அவளாக அதை உண்டாக்கவில்லை, சில வாரத்தில் கரைந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள், எனக்குக் கொடுத்த மருந்தையே துளித்துளியாக அவளுக்கும் கொடுத்தார்கள். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்போதும் அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. நான் அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தே படுத்திருந்தேன்.

ஒரு காலை, அவர் வாசலில் லோரியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். நான் குளிக்கத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் நின்றது. அவர் செருப்போடு உள்ளே வந்தார்.

“யாரு இப்படிக் கத்துறது?”

“வேற யாரு? உங்க மவதான்.”

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தார். அவள் கால்களை உதைத்துக்கொண்டு, முகம் சிவக்க, லயம் முழுக்கக் கேட்க அழுதாள். இரண்டு பேரும் அவளைச் சமாதானப்படுத்தவே இல்லை. அன்றைக்குப் பழக்குலைகள் தாமதமாகத்தான் ஆலைக்குப் போயின.