பெரியம்மா வாங்கிய டைவர்ஸ்

மொட்டை மாடியில் மிளகாய் வத்தல் காய்கிறது. அடியில் விரித்திருப்பது பெரியம்மாவின் வெள்ளைச் சேலை. அவள் ஒருநாளும் உடுத்தாத சேலை. அது வீட்டுக்குள் வந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. புதூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, புருசன் அடி தாங்காமல் கோவில்பட்டிக்கே திரும்பி வந்தவள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே கோர்ட்டுக்கு அலைந்து டைவர்ஸ் வாங்கினாள். விவாகரத்து என்று பேப்பரில் போடுவார்கள். தெருவில் அப்படி யார் பேசினார்கள்? தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் வாழாவெட்டி, அத்துவிட்டவள், அவ்வளவுதான். இரண்டுமே பொம்பளையைத்தான் குத்தும். அந்த இங்கிலீஷ் சொல்லை வைத்து அதுவரை யாரும் அவளை வைததில்லை. அதனாலேயே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் வீட்டுக்காரர் எங்கே என்றால், "நான் டைவர்ஸ் வாங்குனவ" என்பாள், பரீட்சையில் பாஸானதைச் சொல்வதுபோல. இப்போது கல்யாண வீடுகளில் அதே சொல்லை ஏதோ நோயின் பெயர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொட்டும் பிச்சிப்பூவும் இல்லாமல் பெரியம்மாவை நான் பார்த்ததே கிடையாது.

அந்தப் புதூர் மனுசன் செத்துப்போனார் என்று ஒரு காலையில் அவர் தம்பி வந்து வாசலில் நின்றார். "மதினி, நீங்க வந்து முறை செய்யாம எடுக்கக் கூடாதுன்னு பெரியவிய சொல்லுதாவ." பிணத்துக்குப் பக்கத்தில் பொண்டாட்டியை உட்காரவைத்துப் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு, பிறந்த வீட்டார் கொண்டுவரும் வெள்ளைக் கோடிச் சேலையைப் போர்த்துவார்கள். அதுதான் முறை. பெரியம்மா விரட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள், சேதியை முன்னாலேயே கேள்விப்பட்டிருந்த என் அம்மா ஜவுளிக்கடைப் பையோடு வந்து நின்றாள். உள்ளே வெள்ளைச் சேலை. கோர்ட்டுக்குக் கூடவே போனவள், அக்கா முதுகுத் தழும்புக்கு மருந்து தடவியவள், அந்த அம்மா.

"ஒரு நாளைக்குத்தானக்கா. ஊர் வாயை அடைச்சிரலாம்" என்றாள்.

பெரியம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவரிடம், "தம்பி, துக்கம் சொல்ல வந்திய, கேட்டுக்கிட்டேன். கிளம்புங்க" என்றாள். அவர் போனபிறகு அம்மாவிடம் திரும்பினாள். "ஏட்டி, கோர்ட்டுல எம்பக்கத்துலதான உக்காந்திருந்த? அங்கன என்ன நடக்குதுன்னு நெனச்ச?" பெரியம்மா சேலையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "நல்ல பருத்தி. வத்தல் போட ஆகும்." அன்றைக்கே மாடியில் விரித்தாள்.

பெரியம்மா இப்போது இல்லை. பொட்டோடும் பூவோடும்தான் போனாள், வைத்துவிட்டது அம்மாதான். இந்த மாசி வெயிலில் வத்தலைக் கிளறிவிடுவதும் அம்மாதான். பழசாகிவிட்டதே, வேறு துணி விரிக்கலாமே என்றேன். "கெடக்கட்டும்" என்றாள். மிளகாய்ச் சிவப்பு ஏறி ஏறி, அந்தச் சேலையில் வெள்ளை என்று சொல்ல இப்போது ஒரு ஓரம்கூட மிச்சமில்லை.