ஐந்து நிமிடத்தை நடந்து பார்த்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு உள்ளே வயல்களை மனைகளாகப் பிரித்து விற்றேன். ‘தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் விளம்பரம் கேட்டிருந்தேன். அதை எழுத வேண்டிய அவர்களுடைய கிரியேட்டிவ் டைரக்டர் ஒரு காலையில் நேரில் வந்து நின்றார். நரைத்த தாடி, முழங்கால் வரை சேறு. எதற்கு விளம்பரம் எழுதினாலும் முதலில் தானே சோதித்துப் பார்ப்பது அவர் பழக்கமாம்.

“ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே வந்தேன் சார். அம்பத்தஞ்சு நிமிஷம்.”

“எல்லாரும் அஞ்சு நிமிஷம்னுதான் போடறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன சார் பேஜாரு?”

“அப்ப பக்கத்துலயே ஒரு ஹெலிகாப்டர் படமும் போட்டுடலாமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுத மறுத்துவிட்டார். அவர் இருக்கும்வரை உங்களுக்கு என் விளம்பரம் கிடையாது என்று அவருடைய முதலாளிக்கு ஃபோன் செய்தேன். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. நான் கேட்டபடி வேறொருவர் எழுதினார். கடைசி மூலை மனையைத் தவிர எல்லாம் விற்றன.

அந்த மூலையில்தான் இப்போது குடியிருக்கிறேன். மிகைப்படுத்துவதே தொழிலான மனிதருக்கு அந்த ஒரு வரி எழுத ஏன் கை வரவில்லை என்பது இன்னும் புரியவில்லை. பஸ் இருந்தும் சில நாட்கள் ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன். என் வயதில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.